‘ஒண்ணு பொண்ணா இரு, இல்ல பையனா மாறு’ என்கிறார் கணவர்

வாசகர் கேள்வி – மனநல ஆலோசகர் பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கொழிஞ்சாம்பாறையை அடுத்த கிராமம். வீட்டுப் பேச்சு தமிழ். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இவர் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். மூத்த பிள்ளை ப்ளஸ் டூ படிக்கிறார். வரும் ஆவணியில் 18 வயது நிறைகிறது. பெண்ணாகப் பிறந்தவர். ஐந்தாம் வகுப்பிலேயே கம்மலைக் கழற்றி வைத்துவிட்டார், அம்மா தைத்த பட்டுப் பாவாடையைத் தொடுவதில்லை. போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து, “அம்மா, நான் பொண்ணு இல்ல. அதுக்காகப் பையன்னும் இல்ல” என்று சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. “ஒண்ணு பொண்ணா இரு, இல்ல பையனா மாறிக்கோ. ரெண்டுங்கெட்டானுக்கு இங்க இடமில்ல” என்பது அப்பாவின் தீர்ப்பு. பொள்ளாச்சி நாத்தனார், பரீட்சை முடிந்ததும் வைகாசியில் தன் மகனுக்கே முடித்துவிடலாம் என்கிறார். தெரிந்தவர் ஒருவர், பெண் ஹார்மோன் ஊசி ஆறு போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கிளினிக்கைக் காட்டியிருக்கிறார். மாமியாருக்குத் திருச்செங்கோட்டில் பரிகாரம். பிள்ளையின் தலையணைக்கு அடியில் மார்பில் சுற்றும் கிரேப் பேண்டேஜ் கிடைத்திருக்கிறது. தை மாதத்தில் ஒருநாள், “நான் இல்லாமப் போனா உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்றும் சொல்லியிருக்கிறார். “இது நோயா? எப்படிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. திருநம்பி என்று சொல்லியிருந்தாலாவது புரிந்துகொண்டிருப்பேன்” என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் அந்தத் தை மாதத்துப் பேச்சை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் நேரமிருக்கிறது.

முதலில் பூட்ட வேண்டியவை

தோட்டத்துப் பூச்சிமருந்து, களைக்கொல்லி, தென்னைக்கு வைக்கும் மாத்திரை எதுவும் இனி வீட்டுக்குள் இருக்க வேண்டாம். மோட்டார் அறையில் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதுவே. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் ஒரு வேகத்தில் உச்சிக்கு ஏறி இறங்குவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லையென்றால் பாதி ஆபத்து விலகிவிடும்.

அடுத்து, நேராகக் கேளுங்கள். “அன்னைக்கு அப்படிச் சொன்னியே கண்ணு, செத்துப்போகணும்னு தோணுதா? இப்பவும் தோணுதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், கேட்கிற ஆள் இருப்பதே பிள்ளைக்குப் பிடிமானம். ‘ஆமாம்’ என்றால் தனியே விடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. கேரளத்தின் திசா உதவி எண் 1056. எப்படிச் செய்வது என்று திட்டமே வைத்திருப்பதாகத் தெரிந்தால் போனோடு நிற்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ‘போலீஸ் கேஸ் ஆகுமோ’ என்று தயங்கித்தான் பல வீடுகளில் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்.

நோயா, ஹார்மோன் குறையா?

நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிறப்பில் சொல்லப்பட்ட பாலினத்தோடு ஒருவரின் மனம் ஒட்டாமல் இருப்பதை அதில் மனநோய் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். நான் மேலே சொன்ன 2017 சட்டமும், ஊரின் ஒழுக்க, பண்பாட்டு வழக்கங்களோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது. உங்கள் பிள்ளைக்கு உதவி தேவைப்படுவது தூக்கமின்மைக்கும், பயத்துக்கும், சாகத் தோன்றுவதற்கும். ‘பொண்ணு இல்ல, பையனும் இல்ல’ என்பதற்கு மருந்து தேட வேண்டியதில்லை.

அந்த ஆறு ஊசியை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். இப்படி உணரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் அளவு அந்த வயதுக்கு உரியபடியேதான் இருக்கும். குறையாத ஒன்றை ஊற்றி நிரப்ப முடியாது. பெண் ஹார்மோன் ஏற்றினால் ‘நான் யார்’ என்ற உணர்வு மாறாது. வாந்தி, தலைவலி, மாதவிலக்குக் குழப்பம், சிலருக்கு ரத்தக்கட்டு வரைக்கும் வரலாம். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் நின்றிருந்தாலோ, முகத்தில் திடீரென்று முடி அடர்ந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அது உடம்புக்கான பரிசோதனை. சினைப்பை நீர்க்கட்டி இருப்பதாகத் தெரிய வந்தால், ‘பார், இதனால்தான்’ என்று யாராவது சொல்வார்கள். நீர்க்கட்டி உள்ள லட்சக்கணக்கான பெண்கள் பெண்களாகவேதான் வாழ்கிறார்கள்.

‘மாற்றிவிடுகிறேன்’ என்று வாக்குக் கொடுப்பது மருத்துவரின் தொழில் விதிகளுக்கே எதிரானது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7ஆம் தேதி ஆணையில் அத்தகைய ‘மாற்றும் சிகிச்சை’க்குத் தடை சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. ஆகவே கோயம்புத்தூர் மருத்துவரானாலும் பாலக்காடு மருத்துவரானாலும் கணக்கு ஒன்றுதான். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: “என் பிள்ளை தான் ஆணுமில்லை பெண்ணுமில்லை என்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்?” ‘முதலில் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும்’ என்பவரிடம் போகலாம். ‘ஆறே மாதம், சரி பண்ணிடலாம்’ என்றால் பஸ் செலவை மிச்சம் பிடியுங்கள்.

திருநம்பி என்றிருந்தால் புரிந்திருக்குமா?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி இது. மனப்பூர்வமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். திருநம்பி என்றால், பெண் என்று பிறப்பில் சொல்லப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர். அதில் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குப் போவது நமக்குத் தெரிகிறது. உங்கள் பிள்ளையோ இரண்டு கதவும் தன்னுடையதில்லை என்கிறார். இதை ஆங்கிலச் சொல்லாலேயே நான்-பைனரி என்கிறார்கள். தமிழில் எழுதினால் ‘நான் பைனரி’ என்று நேர் எதிராகப் படிக்க நேர்கிற சொல்! இருபாலுக்குள் அடங்காதவர் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் கணவர் பெருந்தன்மையோடுதான் ‘பையனா மாறிக்கோ’ என்று அனுமதி தருவதாக நினைத்திருக்கக்கூடும். ஆனால் பிள்ளையின் காதில், பெண்ணாக இரு என்று தள்ளியவர்கள் இப்போது வேறு பக்கம் தள்ளுகிறார்கள் என்றுதான் விழும். இந்த நெருக்கடியில்தான் சில பிள்ளைகள் அப்பாவுக்காக ‘சரி, நான் பையன்’ என்று ஒப்புக்கொண்டு, தனக்கு வேண்டாத மருந்தின் பின்னால் போகிறார்கள். இருபாலுக்குள் அடங்காதவர்களில் பலருக்கு ஹார்மோனோ அறுவை சிகிச்சையோ வேண்டியிருப்பதில்லை. சிலருக்கு ஏதோ ஒரு பகுதி மட்டும் வேண்டியிருக்கும். அந்தப் பேச்செல்லாம் 18 வயது நிறைந்து, நிதானமான ஆலோசனைகளுக்குப் பிறகு வருவது. இப்போது யாரும் உங்களிடம் ஆபரேஷன் கேட்கவில்லை.

‘நாளைக்கே மாத்திச் சொன்னா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம். 17 வயதில் தன்னைச் சொல்லும் சொல் 22இல் வேறாகலாம், ஆகாமலும் இருக்கலாம். அதனால்தான் நான் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்: செய்தால் திருப்ப முடியுமா, முடியாதா? முடி வளரும், சட்டை மாற்றலாம், செல்லப்பெயரை விட்டுவிடலாம். இவற்றைத் தயங்காமல் கொடுங்கள். கல்யாணம், ஊசி, படிப்பை நிறுத்துவது, வீட்டைவிட்டு அனுப்புவது ஆகியவற்றைத் திருப்ப முடியாது. இவற்றில் யார் கை வைத்தாலும் தடுங்கள். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது தலைகீழ். முடிக்குச் சண்டை, கல்யாணத்துக்கு அவசரம்.

ஒரு சின்ன விஷயம். ‘ரெண்டுங்கெட்டான்’ என்பது நம் பாட்டிமார் விளக்கு வைக்கும் வேளைக்கும், சிறுபிள்ளையும் பெரியவளும் இல்லாத வயதுக்கும் சொன்ன சொல். அந்த வேளையை யாரும் வீட்டைவிட்டு விரட்டவில்லை.

வைகாசிக் கல்யாணம்

ஆவணியில்தான் 18 என்றால் வைகாசியில் நடப்பது குழந்தைத் திருமணம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது கடந்த மாப்பிள்ளை, நடத்தி வைப்பவர், அனுமதித்த பெற்றோர் எல்லோருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெண்களுக்குச் சிறை இல்லை, அபராதம் உண்டு. மண்டபம் பொள்ளாச்சியில் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். நாத்தனாரிடம் பாலினப் பேச்சையே எடுக்காமல் இதை மட்டும் சொல்லுங்கள். மீறி ஏற்பாடு நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். ஆவணிக்குப் பிறகும் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் முடியாது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு விலை கொடுக்கப்போவது உங்கள் பிள்ளை மட்டுமில்லை, அந்த நாத்தனார் மகனும்தான்.

எப்படிக் கூப்பிடுவது?

முதலில் பிள்ளையிடமே கேளுங்கள். பதில் வரும்வரை தமிழே உங்களுக்குக் கைகொடுக்கும். நேருக்கு நேர் பேசும்போது ‘நீ’யில் ஆண் பெண் கிடையாது. உங்கள் பக்கத்தில் ‘கண்ணு’, ‘சாமி’, ‘தங்கம்’ என்று எந்தப் பிள்ளையையும் கூப்பிடுகிறீர்கள். ‘வாடா’ என்று மகளையும் கொஞ்சுகிற ஊர் நம்முடையது.

சிக்கல் மூன்றாம் ஆளிடம் சொல்லும்போதுதான் வரும். மலையாளத்தில் அவன் வந்தாலும் அவள் வந்தாலும் ‘வந்நு’தான், வினைச்சொல் பால் காட்டாது. பள்ளியில் தோழர்களோடு பிள்ளை சற்று இலகுவாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தமிழில் ‘வந்தாள்’ என்றதுமே முடிவு கட்டியாகிவிடுகிறது. அதற்கும் வழியிருக்கிறது: ‘அவங்க வந்தாங்க’, எழுத்தில் ‘அவர் வந்தார்’. இந்தப் பதில் முழுவதும் நான் அப்படித்தான் எழுதுகிறேன். பெற்ற பிள்ளைக்கு ‘அவங்க’ என்பது முதலில் நாக்கில் இடறும். இடறினால் ‘புள்ள சாப்பிட்டாச்சா’ என்று மாற்றிச் சொல்லிக்கொள்ளுங்கள். ‘ஆச்சு’ போட்டால் ஆண்பால் பெண்பால் பேச்சே வராது. தவறிப்போய் ‘அவள்’ என்று வந்துவிட்டால் உடனே திருத்திவிட்டு மேலே போங்கள். அழுது மன்னிப்புக் கேட்டால், பிள்ளை உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

‘அது’ என்பதில் மட்டும் கவனம். மடியில் கிடந்த வயதில் ‘அது தூங்குது’ என்பது கொஞ்சல். 17 வயதில், அதிலும் வெளியாள் வாயில், அதைவிடக் கூரான வசை இல்லை. வீட்டுக்குள்ளும் விட்டுவிடுங்கள். தம்பி ‘அக்கா’ என்று கூப்பிடலாமா என்பதை அவர்கள் இருவரும் முடிவு செய்துகொள்ளட்டும். பெரும்பாலும் பிள்ளைகள் நமக்கு முன்னால் ஒரு பெயரைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

பள்ளியும் காகிதங்களும்

கேரளத்தில் சீருடை விஷயத்தில் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை ஆரம்பப் பள்ளியில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கால்சட்டை, சட்டை. 2021 டிசம்பரில் கோழிக்கோடு பாலுச்சேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பேன்ட் சட்டை வந்தது. ஆகவே பேன்ட் கேட்பது புதுமையில்லை. மேல்நிலைப் பள்ளிகளில் வளரிளம் பிள்ளைகளுக்கு ஆலோசனை தர சௌஹ்ருதா கிளப் என்று ஒன்று உண்டு. அதன் பொறுப்பாசிரியரை, முதலில் பிள்ளையின் சம்மதத்தோடு, தனியாகப் பாருங்கள். இரண்டே கோரிக்கை வையுங்கள்: பேன்ட், பயமில்லாமல் போய்வர ஒரு கழிப்பறை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு சிறுநீர்த் தொற்றோடு வரும் பிள்ளைகள் அதிகம். உங்கள் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா, பாருங்கள். எழுத்தில் கொடுக்க மலையாளம் வரவில்லையே என்று தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழர் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

பெயர் மாற்றத்தில் அவசரம் வேண்டாம். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் இருக்கும் பெயர்தான் ஹால் டிக்கெட்டுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் அடிப்படை. இடையில் ஆதாரை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாமல் சேர்க்கை நேரத்தில் அலைய வேண்டிவரும். ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கைக்கு வரட்டும். வகுப்பில் செல்லப்பெயர் போதும். ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் தேதி தீர்ப்பில் ஏற்றது. அடையாளச் சான்றிதழ் தரும் சட்டம் 2019இலும் அதன் விதிகள் 2020இலும் வந்தன. ஆனால் விதிகள் திருத்தத்துக்கு உள்ளாகும் துறை இது. 18 நிறைந்தபின் பிள்ளையே சான்றிதழ் வேண்டுமென்று கேட்டால், அன்றைக்கு என்ன விதி நடப்பில் இருக்கிறது என்று மாவட்டச் சட்டப்பணி ஆணையத்தில் இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம், எண் 15100. பழைய யூடியூப் வீடியோவை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

உறவினருக்கு என்ன சொல்வது? ‘படிக்கிற புள்ள, படிப்பு முடியட்டும்.’ அவ்வளவுதான். பொய்யும் இல்லை. பிள்ளை உங்களை நம்பிச் சொன்னதை நாத்தனாருக்கோ குடும்பஸ்ரீ மகளிர் குழுத் தோழிக்கோ எடுத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை, அது பிள்ளையுடையது. கணவர் வண்டியிலிருந்து இறங்கிய அன்று இதைப் பேசாதீர்கள். இரண்டு நாள் தூங்கி எழட்டும். ‘நம்ம காலத்துக்கு அப்புறம் இதுக்கு யாரு’ என்ற பயம்தான் அவருடைய கோபமாக வருகிறது என்று எனக்குப் படுகிறது. அந்தப் பயத்துக்குப் பதில் படிப்பும் வேலையும். அதைப் பற்றிப் பேசுங்கள். ‘சென்டரில் கொண்டுபோய் விடுகிறேன்’ என்று அவர் மிரட்டியதையும் எழுதியிருக்கிறீர்கள். 18 வயது நிறையாத ஒருவரை மனநல மையத்தில் சேர்க்க, மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே நேரில் பார்த்து, சேர்க்காமல் கவனிக்கவே முடியாத நிலை என்று உறுதிசெய்ய வேண்டும். அப்பா கையெழுத்து மட்டும் போதாது.

திருச்செங்கோட்டுக்குப் போகலாம், மாமியார் மனம் ஆறும். பிள்ளையைப் பரிகாரத்துக்கு உட்கார வைக்க வேண்டாம். பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் நிற்கிற சாமியிடம் போய் ‘இதை மாற்று’ என்று கேட்பதில் உள்ள சங்கடத்தை மாமியாரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

அந்த பேண்டேஜ்

பிடுங்கி எறியாதீர்கள், எறிந்தால் அதைவிட மோசமான ஒன்றைச் சுற்றிக்கொள்வார். ஆனால் கிரேப் பேண்டேஜ் ஆபத்தானது என்பது உண்மை. அது சுளுக்கை இறுக்கிப் பிடிப்பதற்காக நெய்தது. மூச்சு இழுக்க இழுக்க இன்னும் இறுகும். விலா வலி, மூச்சுத் திணறல், பாலக்காட்டு மாசி பங்குனி வெயிலில் மார்புக்கடியில் வேர்க்குருவும் புண்ணும். பிளாஸ்திரி டேப் இன்னும் மோசம், தோலே உரிந்து வரும். பதிலுக்குச் சரியான அளவில் ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுங்கள். சிறிய அளவு வாங்கினால் பேண்டேஜ் சுற்றிய கதைதான். எதை அணிந்தாலும் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும்போதும் விளையாடும்போதும் கழற்ற வேண்டும். கை மரத்தாலோ, மூச்சை முழுதாக இழுக்க முடியாவிட்டாலோ உடனே கழற்ற வேண்டும்.

மாதவிலக்கு நாட்களில் பிள்ளை அறையைவிட்டே வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோயில் விசேஷத்துக்குத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். முறையாகக் குறைக்கவும் நிறுத்தி வைக்கவும் வழிகள் உண்டு, அவற்றை மகப்பேறு மருத்துவர் பரிசோதித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மீதி உங்கள் மெஷினில் இருக்கிறது. சித்திரைக்கு என்ன தைப்பது என்று கேட்டிருந்தீர்கள். சட்டை தையுங்கள். மார்பு வளைவுக்காகப் பிடிக்கும் டார்ட் மடிப்பு வேண்டாம், நேர்வெட்டு. தோள் அரை அங்குலம் இறங்கட்டும். உடம்போடு ஒட்டாத கனமான காட்டன், அடர்நிறத்தில் கட்டம் போட்டது. மார்பில் இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட். இப்படித் தைத்தால் உள்ளே இறுக்கிச் சுற்ற வேண்டிய தேவை பாதியாகக் குறையும். அளவு நாடாவை மார்பில் வைக்கும் முன் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால், அவர் இப்போது போடும் சட்டை ஒன்றை வாங்கி அதை வைத்தே அளவெடுத்துவிடலாம்.